வாக்காளர்கள் திரும்பி வரச் சொன்னார்கள். வாஷிங்டன் மேலும் படைகளை அனுப்பியது

2007 ஜூன் மாத நடுவில், அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்த ஐந்து கூடுதல் படைப்பிரிவுகளில் கடைசிப் பிரிவும் இராக் மண்ணில் இறங்கியது. ஜனவரி 10 அன்று தொலைக்காட்சியில் தோன்றிய புஷ், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துருப்புகளைக் கூடுதலாக அனுப்பப் போவதாகச் சொன்னார். துணைப்பணிகளுக்கென்று பின்னர் சேர்க்கப்பட்டவர்களையும் கூட்டினால் எண்ணிக்கை முப்பதாயிரத்தை நெருங்கியது. அப்போது இராக்கில் இருந்த மொத்த அமெரிக்கத் துருப்புகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. படை பெருகினால் பாக்தாத் அமைதியடையும் என்பதே வாக்குறுதி. ஏப்ரல் 12 அன்று பாக்தாத்தின் சராஃபியா பாலம் குண்டுவெடிப்பில் ஆற்றுக்குள் சரிந்தது. அதே நாளில், நகரின் மிகப் பாதுகாப்பான பகுதி என்று சொல்லப்படும் பசுமை மண்டலத்துக்குள்ளேயே, நாடாளுமன்ற உணவகத்தில் குண்டு வெடித்தது. ஆறு நாட்கள் கழித்து சத்ரியா சந்தையில் நிகழ்ந்த படுகொலை உலகையே உலுக்கியது. ஜூன் 13 அன்று சமாராவின் அஸ்காரி மசூதியில் எஞ்சி நின்ற இரு கோபுரங்களும் தகர்க்கப்பட்டன. அமெரிக்கப் படையினரின் உயிரிழப்பு ஏப்ரலிலும் நூறைக் கடந்தது, மே மாதத்திலும் நூறைக் கடந்தது. ஜூன் முதல் வாரத்தில் மொத்தம் 3,500-ஐத் தாண்டியது. செத்துப்போன இராக்கியர்களை முறையாக எண்ணுவதற்குக்கூட ஆக்கிரமிப்பாளர்கள் அக்கறை கொள்ளவில்லை.

ஆனால் இந்தப் படைப்பெருக்கத்தின் முதல் பலி பாக்தாத்தில் விழவில்லை. அமெரிக்க வாக்குச்சாவடியில் விழுந்தது. 2006 நவம்பர் 7 அன்று நடைபெற்ற இடைக்காலத் தேர்தலில் அமெரிக்க மக்கள் ஐயத்துக்கு இடமின்றிப் பேசினார்கள். பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் புஷ்ஷின் குடியரசுக் கட்சி பெரும்பான்மையை இழந்தது. மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போரை முடி, படைகளைத் திரும்ப அழை என்பதே அத்தேர்தலின் சாரம் என்பதை வலதுசாரி ஏடுகளும் மறுக்கவில்லை. அதற்குப் பின் இரண்டே மாதத்தில் வந்த பதில்தான் ஐந்து படைப்பிரிவுகள். அறிவிப்பு வெளியான வாரத்தில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளில் பத்துக்கு ஆறு பேருக்குக் குறையாமல் எதிர்த்தார்கள். ஜனவரி 27 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் பல்லாயிரவர் திரண்டார்கள். பிற நாடுகளுக்கு ஜனநாயகத்தை விமானத்தில் ஏற்றி அனுப்புவதாகச் சொல்லும் ஓர் அரசு, தன் சொந்த வாக்காளர்களின் தீர்ப்பை இவ்வளவு பகிரங்கமாகக் குப்பைக்கூடையில் போட்டது.

எதிர்த்தவர்கள் தெருவில் நின்றவர்கள் மட்டும் அல்லர். மேற்காசியப் படைத்தலைமைத் தளபதி ஜான் அபிசாய்டு, நவம்பர் 15 அன்று செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். கூடுதல் படை வந்தால் வெற்றி வாய்ப்பு கணிசமாகக் கூடுமா என்று ஒவ்வொரு பிரிவுத் தளபதியிடமும் தாமே கேட்டதாகவும், அனைவருமே இல்லை என்று சொன்னதாகவும் அவர் தெரிவித்தார். இராக்கில் படைத்தலைமை வகித்த ஜார்ஜ் கேசியும் இந்த யோசனைக்குத் தயங்கியவரே. களத்தில் உள்ள தளபதிகள் சொல்வதையே தான் கேட்பதாக மூன்றரை ஆண்டுகளாகக் கூறிவந்த புஷ் என்ன செய்தார்? தளபதிகளை மாற்றினார். அபிசாய்டின் இடத்துக்கு வில்லியம் ஃபாலனும், கேசியின் இடத்துக்கு டேவிட் பெட்ரீயசும் வந்தார்கள். விரும்பிய பதில் கிடைக்கும் வரை மருத்துவரை மாற்றிக்கொண்டே போகும் நோயாளியை ஊரில் எல்லோரும் கண்டிருப்பார்கள்.

பெயரிலும் ஒரு சண்டை நடந்தது. எதிர்ப்பாளர்கள் இதைப் போர்த்தீவிரமாக்கல் என்றார்கள். வியட்நாம் போரின் இரத்தக்கறை படிந்த சொல் அது. ஜனவரி 11 அன்று செனட் குழுவில் இதே கேள்வி எழுந்தபோது, வெளியுறவு அமைச்சர் கண்டலீசா ரைஸ் அந்தச் சொல்லை ஏற்க மறுத்து, இது ‘வலுவூட்டல்’ மட்டுமே என்றார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் சக் ஹேகல், வியட்நாமுக்குப் பிறகு இந்நாடு செய்யும் மிக ஆபத்தான வெளியுறவுத் தவறு இது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். பேருந்துக் கட்டணத்தை உயர்த்திவிட்டு அதற்குக் ‘கட்டணச் சீரமைப்பு’ என்று பெயர் சூட்டும் அமைச்சர்களைப் பார்த்துப் பழகிய இந்திய வாசகர்களுக்கு ரைஸ் அம்மையாரின் சொல்லாட்சி புதிதாகத் தோன்றாது.

வியட்நாமில் என்ன நடந்தது? 1965 மார்ச்சில் டா நாங் கடற்கரையில் 3,500 கடற்படைத் துருப்புகள் இறங்கினார்கள். விமானத்தளத்தைக் காப்பது மட்டுமே அவர்கள் பணி என்றது வாஷிங்டன். அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 1,80,000-ஐத் தாண்டியது. 1969-இல் 5,43,000 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் இன்னும் சில படைப்பிரிவுகள், இன்னும் சில மாதங்கள் என்றே சொல்லப்பட்டது. 1968-இல் தளபதி வெஸ்ட்மோர்லாண்டும் கூட்டுப் படைத்தலைமையும் மேலும் 2,06,000 பேர் வேண்டும் என்று கேட்டபோதுதான் அதிபர் ஜான்சனுக்கே மூச்சு முட்டியது; மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று மார்ச் 31 அன்று அறிவித்து ஒதுங்கினார். வியட்நாம் விடுதலைப் போராளிகளின் உறுதியும் அமெரிக்க வீதிகளில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து பெற்ற விளைவு அது. நாடாளுமன்றத்தின் கருணையால் வந்தது அல்ல. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால்தான் 2007-இல் வாஷிங்டனில் அரங்கேறிய நாடகம் விளங்கும்.

நாடகம் பிப்ரவரியில் தொடங்கியது. 16-ஆம் தேதி பிரதிநிதிகள் சபை, படைப்பெருக்கத்தை ஏற்கவில்லை என்று 246-182 வாக்குகளில் தீர்மானம் நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியினர் 17 பேரும் அதை ஆதரித்தார்கள். ஆனால் அத்தீர்மானத்துக்குச் சட்டவலு கிடையாது. மறுநாள் செனட்டில் ஆதரவு 56, எதிர்ப்பு 34. விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவே 60 வேண்டும் என்ற விதியால் பெரும்பான்மை தோற்றது. பின்னர் ஜனநாயகக் கட்சி போருக்கான நிதி மசோதாவில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: அக்டோபர் 1-க்குள் படைகளைத் திரும்ப அழைக்கத் தொடங்க வேண்டும். மே 1 அன்று புஷ் அதைத் தமது தடையதிகாரத்தால் நிராகரித்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இதே மே 1 அன்றுதான், ஆபிரகாம் லிங்கன் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் விமானி உடையில் இறங்கி, ‘பணி முடிந்தது’ என்று எழுதிய பதாகையின் கீழ் அவர் உரையாற்றினார்.

அதன் பிறகு நடந்ததைத் தோல்வி என்று சொல்ல முடியாது, சரணாகதி. தடையதிகாரத்தை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு ஜனநாயகக் கட்சியிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் பணம் கொடுக்காமல் இருப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. மசோதாவைக் கொண்டுவராமல் இருந்தாலே போதும். அந்த அதிகாரம் முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. மே 24 அன்று, காலக்கெடு எதுவும் இல்லாமல் போர்நிதியை அவர்கள் தூக்கிக் கொடுத்தார்கள். செனட்டில் 80-14. பிரதிநிதிகள் சபையில் 280-142. ஆதரித்த 280 பேரில் ஜனநாயகக் கட்சியினர் 86 பேர், மீதி 194 பேர் புஷ் கட்சி. தங்கள் உறுப்பினர்கள் போருக்கு எதிராக வாக்களித்துத் தொகுதியில் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளவும், அதே வேளையில் பணம் தடையின்றிப் போய்ச் சேரவும் வசதியாக, சபைத் தலைமை மசோதாவை இரண்டாகப் பிரித்து வாக்கெடுப்பு நடத்தியது. சபாநாயகர் நான்சி பெலோசி தாமே எதிர்த்து வாக்களித்தார். அவர் அனுமதித்ததால்தான் அது வாக்கெடுப்புக்கே வந்தது. அதிபர் வேட்பாளராகும் கனவில் அப்போது இருந்த ஹிலாரி கிளிண்டனும் பராக் ஒபாமாவும் செனட்டில் எதிர்த்து வாக்களித்து முடித்துக்கொண்டார்கள். 2002-இல் இந்தப் போருக்கு ஹிலாரி கை தூக்கியதை மறந்துவிட வேண்டும் போலும். இராக்கில் மகனை இழந்து, புஷ்ஷின் டெக்சாஸ் பண்ணைக்கு வெளியே முகாமிட்டுப் போராடிய சிண்டி ஷீஹன், இந்த வாக்கெடுப்புக்குச் சில நாட்களில் ஜனநாயகக் கட்சியுடன் உறவை முறித்துக்கொண்டார்.

இந்தச் சரணாகதியை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மே மாதச் சட்டத்தின் உள்ளே இருப்பதைப் பார்த்தால் காரணம் தெரியும். படைகளுக்குக் காலக்கெடு விதிக்காத அச்சட்டம், இராக் அரசுக்கு 18 இலக்குகளை விதித்தது. அவற்றில் ஒன்று எண்ணெய்ச் சட்டத்தை நிறைவேற்றுவது. எண்ணெய் வருவாயை எல்லாப் பகுதிகளுக்கும் நியாயமாகப் பங்கிடும் சட்டம் என்று அதற்கு அழகிய பெயர். பிப்ரவரி 26 அன்று மாலிகியின் அமைச்சரவை ஒப்புதல் அளித்த வரைவோ, 1972-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட எண்ணெய்த் துறையின் கதவை நீண்டகால ஒப்பந்தங்கள் மூலம் அந்நிய நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் வகையில் இருந்தது. கண்டறியப்பட்ட சுமார் 80 எண்ணெய் வயல்களில் 17 மட்டுமே தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு உறுதியாகக் கிடைக்கும் என்று கணக்கிடப்பட்டது. இராக்கின் உறுதிசெய்யப்பட்ட எண்ணெய் இருப்பு அப்போது 11,500 கோடி பீப்பாயாக இருந்தது. போரின் வழிமுறையில் புஷ்ஷுடன் முரண்பட்ட பேக்கர்-ஹாமில்டன் குழுவும் 2006 டிசம்பரில் இதையேதான் பரிந்துரைத்தது. 2008 தொடக்கத்துக்குள் போர்ப்படைகளைப் பெருமளவு விலக்கலாம் என்று சொன்ன அதே அறிக்கை, இராக் எண்ணெய்த் துறையில் அந்நிய முதலீட்டை ஊக்குவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை படைப்பிரிவு, எத்தனை மாதம், எந்தத் தளபதி என்பதில்தான் இரு கட்சிகளின் மேல்தட்டுக்கும் சண்டை. எதற்காக என்பதில் சண்டை இல்லை.

எதற்காக என்ற கேள்வியைக் கேட்டவர்கள் இராக் தொழிலாளர்கள். 2007 ஜூன் 4 அன்று பஸ்ராவில் எண்ணெய்க் குழாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளக் கோரிக்கைகளுடன், எண்ணெய்ச் சட்டத்தில் தங்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. பிரதமர் மாலிகி இராணுவத்தை அனுப்பினார். சங்கத் தலைவர்களைக் கைது செய்ய ஆணை பிறப்பித்தார். பொதுத்துறையில் தொழிற்சங்கங்களைத் தடைசெய்து 1987-இல் சதாம் உசேன் போட்ட சட்டம் 2007-இலும் நடைமுறையில் இருந்தது. சதாமின் சிலையைக் கயிறு கட்டி இழுத்தவர்கள், அவர் போட்ட சட்டங்களில் முதலாளிகளுக்குப் பயன்படும் இந்த ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். இருந்தும் தொழிலாளர்கள் அசையவில்லை; பேச்சுவார்த்தைக்கு அரசு இறங்கி வந்த பிறகே வேலைநிறுத்தத்தை ஒத்திவைத்தார்கள். இராக் எண்ணெய், மின்தொழிற்சங்கத் தலைவர்கள் அதே மாதம் அமெரிக்க நகரங்களில் அங்குள்ள தொழிலாளர்களின் கூட்டங்களில் பேசினார்கள். 2005-லேயே அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனம் தன் மாநாட்டில் படைகளை விரைந்து திரும்ப அழைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. வியட்நாம் போரைக் கடைசிவரை ஆதரித்த அதே சம்மேளனம்.

இராக் நாடாளுமன்றத்தின் குரலும் இருட்டடிப்பு செய்யப்பட்டது. 275 உறுப்பினர்களில் 144 பேர், அந்நியப் படைகள் வெளியேறக் காலக்கெடு விதிக்கக் கோரும் மனுவில் 2007 மே மாதத்தில் கையெழுத்திட்டார்கள். பெரும்பான்மை! ஏப்ரல் 9 அன்று, பாக்தாத் வீழ்ந்த நான்காம் ஆண்டு நாளில், நஜாஃப் நகரில் மாபெரும் மக்கள் கூட்டம் இராக் கொடிகளை ஏந்தி அமெரிக்கர்களே வெளியேறுங்கள் என்று முழங்கியது. பாக்தாத்தின் அதாமியா பகுதியைச் சுற்றி அமெரிக்க இராணுவம் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு, பன்னிரண்டு அடி உயரக் கான்கிரீட் சுவர் எழுப்பத் தொடங்கியபோது, யாரைப் பாதுகாப்பதாகச் சொல்லிச் சுவர் எழுந்ததோ அந்த மக்களே தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். அதே ஏப்ரல் முதல் நாள் செனட்டர் ஜான் மெக்கேன் பாக்தாத்தின் ஷோர்ஜா சந்தையில் உலவி, நிலைமை முன்னேறிவிட்டது என்று சான்றளித்தார். உடன் சென்ற ஓர் அமெரிக்க உறுப்பினர், கோடைக்காலத்தில் தம் இந்தியானா மாநிலச் சந்தையில் நடப்பது போல இருந்தது என்று பூரித்தார். குண்டு துளைக்காத அங்கி, சுற்றிலும் நூறு துருப்புகள், தலைக்கு மேல் ஹெலிகாப்டர்கள். இந்தியானாவில் காய்கறி வாங்குவது இத்தனை சிரமமா?

படைகள் போனால் இராக்கியர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாவார்கள் என்பது அப்போது மிஞ்சியிருந்த ஒரே வாதம். பேரழிவு ஆயுதம் பொய்யானது. அல்கொய்தா தொடர்பு பொய்யானது. இது மட்டும்தான் கையில் இருந்தது. ஷியா, சன்னி மோதல் கற்பனை அல்ல. இரவில் கடத்தப்பட்டுக் காலையில் குப்பைமேட்டில் கிடந்த உடல்கள் கற்பனை அல்ல. வீடிழந்தோர் நாட்டுக்குள் ஏறத்தாழ இருபது லட்சம், சிரியாவிலும் ஜோர்டானிலுமாக வெளியே இன்னோர் இருபது லட்சம் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் 2007-இல் கூறியது. ஆனால் இந்த நரகம் ஆக்கிரமிப்பு இல்லாதபோது வந்ததா, ஆக்கிரமிப்பின் கீழ் வந்ததா? 2003 மே மாதத்தில் பால் பிரெமர் ஒரே கையெழுத்தில் இராக் இராணுவத்தைக் கலைத்து, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த சில லட்சம் பேரைச் சம்பளமின்றி வீதிக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து ஆளும் கவுன்சில் அமைத்தபோது, ஷியாவுக்கு இத்தனை, சன்னிக்கு இத்தனை, குர்துக்கு இத்தனை என்று இருக்கைகளைப் பங்கிட்டார். மதவாரித் தொகுதி ஒதுக்கீடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிரிட்டிஷாரிடம் அனுபவித்த நாடு இந்தியா. தீயை மூட்டியவன் வாளியோடு வாசலில் நின்று, தான் போனால் வீடு எரிந்துவிடும் என்றான். நான்கு ஆண்டுகளாக அவன் நின்றான். நான்கு ஆண்டுகளாக எரிந்தது.

இந்த வாளியைச் சுமக்க அனுப்பப்பட்டோர் யார்? செனட்டர்களின் பிள்ளைகள் மிக அரிது. கல்லூரிக் கட்டணத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வழியின்றிப் படையில் சேர்ந்தவர்கள் பலர். ஆள் போதாமல், சேரும் வயது வரம்பை 2006-இல் 42 ஆக உயர்த்தினார்கள். பன்னிரண்டு மாதக் களப்பணியை 2007 ஏப்ரல் மாதத்தில் பதினைந்து மாதம் ஆக்கினார்கள். கை கால் இழந்து திரும்பியவர்களை வால்டர் ரீடு இராணுவ மருத்துவமனையில் பூஞ்சை பிடித்த சுவர்களுக்கு இடையே கிடத்தியிருந்ததை பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் அம்பலப்படுத்தியது. மாதம் சுமார் 1,000 கோடி டாலர் விழுங்கிய போரில், காயம்பட்டவனுக்குச் சுவரில் வெள்ளையடிக்கக் காசில்லாமல் போனது. பணியில் இருந்த துருப்பினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, போரை முடிக்குமாறு நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். சட்டவிரோதப் போருக்குப் போக மாட்டேன் என்று மறுத்த லெப்டினன்ட் எரன் வடாடா மீதான இராணுவ விசாரணை பிப்ரவரியில் பாதியிலேயே முறிந்தது. கூட்டாளிகளும் கழன்றுகொண்டார்கள். ஸ்பெயின் போய்விட்டிருந்தது, இத்தாலி போய்விட்டிருந்தது. அமெரிக்கா படையைக் கூட்டியபோது பிரிட்டன் தன் 7,100 பேரை 5,500 ஆகக் குறைத்தது.

இதில் இந்தியாவுக்கு என்ன வேலை என்று தில்லியில் சிலர் கேட்டார்கள். வேலை பழையது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷார் மெசபடோமியாவுக்கு லட்சக்கணக்கான இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். 1916 ஏப்ரல் 29 அன்று குட் நகரில் சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். 1917-இல் பாக்தாத்தில் நுழைந்த பிரிட்டிஷ் தளபதி மாட், வென்று அடக்க வரவில்லை, விடுவிக்கவே வந்தோம் என்று பிரகடனம் செய்தார். விடுவிக்கப்பட்டவர்கள் 1920-இல் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை ஒடுக்கவும் இந்தியத் துருப்புகளே பயன்படுத்தப்பட்டார்கள். தில்லி இந்தியா கேட்டில் மெசபடோமியா என்ற பெயர் இன்றும் பொறிக்கப்பட்டுள்ளது.

2003-இல் அதே வேலைக்கு மீண்டும் அழைப்பு வந்தது. வட இராக்கில் நிறுத்த ஏறத்தாழ 17,000 இந்தியத் துருப்புகள் வேண்டும் என்றது வாஷிங்டன். அத்வானி அங்கே போய்வந்தார்; பென்டகன் குழு இங்கே வந்தது. போரைக் கண்டித்து நாடாளுமன்றம் ஏப்ரலில் நிறைவேற்றிய தீர்மானமும் நாடெங்கும் எழுந்த எதிர்ப்பும் வாஜ்பாய் அரசின் கையைக் கட்டின. ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்ப இயலாது என்று ஜூலை 14 அன்று அரசு அறிவித்தது. அன்று போயிருந்தால் இன்று எத்தனை இந்தியக் கிராமங்களுக்குத் தேசியக்கொடி போர்த்திய பெட்டிகள் வந்திருக்கும்! ஆயினும் 2005 ஜூன் 28 அன்று பிரணாப் முகர்ஜி ரம்ஸ்ஃபெல்டுடன் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தச் சட்டகத்தில், பொது நலனுக்கு உகந்தபோது பன்னாட்டு இராணுவ நடவடிக்கைகளில் இரு நாடுகளும் ஒத்துழைக்கும் என்ற வாசகம் இடம்பெற்றது. பொது நலன் எது என்று யார் தீர்மானிப்பது? குறைந்தபட்சப் பொதுத்திட்டம் உறுதியளித்த சுயேச்சையான வெளியுறவுக் கொள்கையில் இந்த வாசகத்துக்கு இடம் எங்கே?

இந்தக் கேள்விக்கு மத்திய அரசு பதில் சொல்வதற்கு முன்பே, 2007 ஜூலை முதல் வாரத்தில் சென்னைக்கு வெளியே நங்கூரமிட வந்தது அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நிமிட்ஸ். இரண்டு அணு உலைகள், ஏறத்தாழ ஐயாயிரம் பேர், பல டஜன் போர் விமானங்கள். ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அக்கப்பல் நேராக வந்தது பாரசீக வளைகுடாவிலிருந்து. படைப்பெருக்கத்துக்குத் துணையாக அதன் விமானங்கள் பறந்துகொண்டிருந்தது இராக் வானத்தில். கப்பலில் அணு ஆயுதம் உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கடற்படையின் கொள்கை. மாலுமிகள் ஓய்வெடுக்கவும் ஊர் சுற்றிப் பார்க்கவும் வருகிறார்கள், இது வெறும் நல்லெண்ண வருகை என்று சொல்லப்பட்டது. அதாமியாவின் சுவருக்குள் இருந்தவர்களின் நல்லெண்ணத்தை யாரும் கேட்கவில்லை. இந்த வருகைக்கு அனுமதி தரக்கூடாது என்பது இடதுசாரிக் கட்சிகளின் கோரிக்கையாக இருந்தது. ஆனால் அனுமதி தரப்பட்டது.